பவுலுக்கு அல்லேலூயா, அந்த அண்ணனுக்கு மட்டும் சிரிப்பா?

ஞாயிற்றுக்கிழமை நம் சபையில், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த வீடியோவை வெட்டி, சிரிப்புப் பொம்மை போட்டு, ஜெபக் குழுவில்கூடப் பகிர்ந்தீர்களே, அதனால் எழுதுகிறேன்.

ஒரு மனுஷன் மைக்கைப் பிடித்து, "ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார்" என்று சொல்லி அழுகிறார். பின்னாலிருந்து ஒரு குரல்: "எத்தனை நாளைக்கு?" சவுல் என்கிற பவுலை ஆண்டவர் கூப்பிட்ட தமஸ்கு வழியைப் பற்றிக் கண்ணீரோடு பிரசங்கம் பண்ணுகிற ஒருவருடைய குரல் அது. ரொம்ப நல்லது.

அழைப்பு மனுஷனை மாற்றும் என்று நம்புகிறோமா இல்லையா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சவுல் யார்? விசுவாசத்துக்காகச் செத்த ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் துணிகள் யார் காலடியில் கிடந்தன? வீடு வீடாகப் புகுந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துப்போய்ச் சிறையில் போட்டவன். ஆண்டவர் அவனிடம் போகச் சொன்னபோது, தமஸ்குவில் இருந்த சீஷர் அனனியாவுக்கே பயம். ஆனாலும் போனார், அவன்மேல் கை வைத்து, சகோதரன் என்று கூப்பிட்டார். எருசலேமில் சீஷர்களும் நம்பவில்லை. பர்னபா என்ற விசுவாசிதான் அவனை அழைத்துக்கொண்டுபோய் அப்போஸ்தலரிடம் நிறுத்தினார். பவுலைப் பிரசங்கிக்க ஆள் இருக்கிறது. பர்னபா செய்த வேலைக்குத்தான் நம்மிடம் ஒருவரும் இல்லை.

"அப்போ ஏமாற்றுக்காரனையும் நம்பணுமா?" என்பீர்கள். சரி, நியாயமான கேள்விதான். காணிக்கைப் பெட்டிச் சாவியை அவரிடம் கொடுங்கள் என்றா சொன்னேன்? சிரிக்காதீர்கள் என்றேன், அவ்வளவுதான்.

"கனி தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம்." பாருங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கனி, அதாவது மாறின நடத்தை, மறுநாள் காலையில் காய்த்துவிடுமா? 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டன் 1748ல் நடுக்கடல் புயலில் ஆண்டவரைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைக் கப்பலில்தான் வேலை பார்த்தார். அந்த வியாபாரத்தை எதிர்த்து, தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் எழுதியது 1788ல். அழைப்பு பொய்யா? இல்லை. உள்ளே வேலை செய்ய அத்தனை வருஷம் எடுத்தது. உங்களுக்கோ ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை!

இதெல்லாம் எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. என் அப்பாவும் இப்படி எழுந்து நின்றவர்தான். குடியை விட்டதை விடுங்கள். யார் யாரிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கினாரோ, அவர்கள் வீட்டு வாசலுக்கே போய்த் திருப்பிக் கொடுத்தார். இயேசுவைச் சந்தித்து மாறின வரி வசூலிப்பவன் சகேயு மாதிரி நாலு மடங்காகக் கொடுக்க வசதி இல்லை, வாங்கியதைக் கொடுத்தார். அம்மாவிடம் எங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். வீட்டில் சத்தம் நின்றது. நாங்கள் பயமில்லாமல் தூங்கினோம். வெளியே என்ன பேச்சு தெரியுமா? "நாடகம்." சகேயு வீட்டுக்கு இயேசு போனபோதும் வெளியே நின்று முறுமுறுத்தவர்கள் இருந்தார்கள், தெரியும். அவர்களாவது விசுவாசிகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

"சொந்தக் கதையை வைத்துச் சபையைத் தாக்குகிறாய்" என்று இன்பாக்ஸில் வருவீர்கள். வாருங்கள். ஆமாம், சொந்தக் கதைதான். அடக்க ஆராதனை அன்றுகூட, "கடைசி வரைக்கும் நல்லா நடிச்சுட்டார்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. சாகும்வரை ஒரு மனுஷன் நடிப்பானா? அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரதர், எப்படி இருக்கீங்க?" என்று கேட்டிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்திருக்கும்?