‘ஸ்டார்ட்’ என்று எழுதினால் எந்தக் குடி முழுகிப்போகும்?

தண்ணீர் பம்ப் மாற்றும் வேலை திங்கட்கிழமை ஸ்டார்ட் ஆகும். இவ்வளவுதான் விஷயம். ஆங்கிலத்தில் ஒரே வரி. அதைக் கையெழுத்துக்கு அனுப்பினால் ‘ஸ்டார்ட்’ மேல் சிவப்புக் கோடு இழுத்து, அதே அர்த்தமுள்ள ‘கமென்ஸ்’ என்று திருத்தித் திரும்பி வருகிறது. கேட்டால், “ஸ்டார்ட்டெல்லாம் லோக்கல் தம்பி, ஆபீஸ் கடிதம்னா ஒரு கெத்து வேண்டாமா?” என்கிறார் எங்கள் அதிகாரி. ஒரு தடவை என்றால் சரி, போகட்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் இதே கூத்து. தொகை சரியா, தேதி சரியா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. ஸ்டார்ட்டைத் தேடிப்பிடித்து அடிக்க மட்டும் நேரம் இருக்கிறது.

லோக்கலாம்! பழைய ஆங்கிலத்தில் வேர் உள்ள சொல் அது. துள்ளி எழுவது, திடுக்கிட்டுக் குதிப்பது என்பதுதான் அதன் ஆதிப்பொருள். திடுக்கிட வைப்பதைக் குறிக்கும் ‘ஸ்டார்டில்’ (startle) என்ற சொல் அதன் நெருங்கிய சொந்தம். ஷேக்ஸ்பியர் நாடகத்தில், சூனியக்காரிகள் சொன்ன ஆரூடத்தைக் கேட்டு மேக்பெத் அதிரும்போது, “ஏன் ஸ்டார்ட் ஆகிறாய்?” என்றுதான் கூட இருக்கும் தளபதி பாங்கோ கேட்கிறான். ஏன் திடுக்கிடுகிறாய் என்று அர்த்தம். வேட்டையில் புதரிலிருந்து முயலைக் கிளப்புவதற்கும் இதே சொல்தான். ‘தொடங்கு’ என்ற பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது. எவ்வளவு உயிருள்ள சொல்! அதைப்போய் தரக்குறைவு என்கிறார்.

கமென்ஸ் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்ததா? பிரெஞ்சு வழியாக வந்தது. அடியில் ‘இனிஷியம்’ என்ற லத்தீன் சொல் இருக்கிறது, உள்ளே போவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. ‘கைண்ட்லி இனிஷியேட்’ என்று தினமும் மெயில் வருகிறதே, அதுவும் அதே வயிற்றுப் பிள்ளை. திருத்தி முடித்து ஓரத்தில் அவர் போடும் இனிஷியலும்தான்.

அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த உசத்தி? 1066-ல் பிரான்சின் நார்மண்டிப் பகுதியை ஆண்ட வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தான். ஆண்டவர்கள் பேசியது பிரெஞ்சு, ஏர் பிடித்தவன் பேசியது ஆங்கிலம். வழக்குக்கு வருகிறவர்களுக்கே பிரெஞ்சு புரியவில்லை, இனி வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று 1362-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! நம்ம ஆள் அங்கே இருந்திருந்தால் அதிலும் நாலு இடத்தில் கோடு இழுத்திருப்பார். எவனோ ஒரு பிரபு எவனோ ஒரு குடியானவனைப் பார்த்து மூக்கைச் சுளித்ததற்கு, இத்தனை நூற்றாண்டு கழித்து நான் எதற்கு மறுபடி டைப் அடிக்க வேண்டும்?

கமென்ஸுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. நம் அரசியலமைப்பின் 394-வது பிரிவுக்குத் தலைப்பே ‘கமென்ஸ்மென்ட்’தான். 1950 ஜனவரி 26 என்ற நாளைச் சட்டப்படி அடித்துச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார்கள். பம்ப் மாற்றுவதும் குடியரசு பிறப்பதும் ஒன்றா?

சரி, நடுவழியாக இருக்கட்டும் என்று ‘பிகின்’ போட்டுப் பார்த்தேன். அதற்கும் கோடு! 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் வரியே ‘இன் த பிகினிங்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. வானத்தையும் பூமியையும் படைக்கப் போதுமான சொல், எங்கள் மொட்டைமாடி பம்புக்குப் போதவில்லை.

இதில் பெரிய எரிச்சல் என்னவென்றால், பக்கத்து சீட்காரர் இப்போதெல்லாம் முதலிலேயே கமென்ஸ் என்று எழுதிவிடுகிறார். “எதுக்கு சார் வம்பு?” என்கிறார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் அவரைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்கள். நாளைக்கு லிஃப்ட் சர்வீஸ் கடிதம் என் மேஜையிலிருந்துதான் போக வேண்டும். ஸ்டார்ட் என்றுதான் எழுதப்போகிறேன். அடிக்கட்டும்.