நோட்டீஸ் போர்டில் ஒரு பெயர்

சில வருஷங்களுக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட். முந்தின நாள் சாயங்காலம் முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சு வந்தது. பெண்கள் கழிவறைக்கு ஒருவழியாகத் தாழ்ப்பாள் வந்தது. செக்கிங் டேபிளில் நிற்கும் அக்கா ஒருவர் நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங் தம்பி, என்ற பேரு எதுக்குங்க அங்க ஒட்டியிருக்குது?"

பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு. உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் மூன்றாவது. அந்தக் குழுவில் தான் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரியும். டைப் அடித்து லேமினேட் பண்ணி ஒட்டியது நான்தான். "நாளைக்குக் கேட்டா ஆமான்னு சொல்லிருங்கக்கா" என்றேன்.

நிறுவனங்கள் மனித உரிமைகளை மதிக்க வேண்டும் என்று அரசு வழிகாட்டுதல் போட்டிருப்பதைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு அந்த லேமினேட் தாள்தான் ஞாபகம் வருகிறது. 2011இல் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் இதற்கான கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் நம் கம்பெனி விவகார அமைச்சகமும் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பெயரிலேயே 'தன்னார்வ' என்ற சொல் இருந்தது. 2019 மார்ச்சில் அதைப் புதுப்பித்தார்கள். மொத்தம் 9 கொள்கைகள், ஐந்தாவது மனித உரிமை. பெயரிலிருந்து 'தன்னார்வ' போய்விட்டது. கட்டாயம் மட்டும் வரவில்லை.

கட்டாயமாக வந்தது அறிக்கைதான். சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்றது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி. மனித உரிமைப் பயிற்சி எத்தனை பேருக்கு, குறைந்தபட்சக் கூலி தரப்படுகிறதா, புகார்கள் எத்தனை என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறது. சப்ளை செய்பவர்களின் நிலவரத்தையும் சேர்க்க வேண்டும் என்று முதல் 250 நிறுவனங்களுக்கு 2023இல் சொன்னார்கள். அப்புறம் அதுவும் விருப்பப்பட்டால் என்று ஆனது. அவிநாசி ரோட்டில் சந்துக்குள் இருக்கும் பவர் டேபிள் என்ற சின்னத் தையல் கூடத்துக்கும் அந்த 1000 நிறுவனங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

வழிகாட்டுதலே வீண் என்று சொல்லமாட்டேன். ஆடிட்டுக்காகப் போட்ட தாழ்ப்பாள் ஆடிட் முடிந்த பிறகும் இருந்தது.

ஆனால் ஒரே பையரிடமிருந்து எங்களுக்கு இரண்டு மெயில் வரும். ஒரு பிரிவிலிருந்து நன்னடத்தை விதிகள், பத்துப் பதினைந்து பக்கம். இன்னொரு பிரிவிலிருந்து, பீஸுக்கு இரண்டு ரூபாய் குறை, ஷிப்மென்ட் பத்து நாள் முன்னால் வேண்டும் என்று இரண்டே வரி. ஓனர் எதை முதலில் படிப்பார்? ரெண்டாவதைப் படித்த கையோடு தையல் கான்ட்ராக்டருக்குப் போன் போடுவார். அங்கே தினமும் ஒன்றரை ஷிப்ட். ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று அப்போதிருந்த 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. பீஸ் ரேட்டில் அது எங்கே கரைகிறது என்று தையல்காரருக்குக் கையாளாக, கைமடி வேலைக்கு வரும் சின்னப் பெண்ணுக்குக் கூடத் தெரியும்.

சப்ளையர் எப்படி நடத்துகிறார் என்று கேட்கிறார்கள், சரி. நீ அவருக்கு என்ன விலை கொடுத்தாய், எத்தனை நாள் அவகாசம் கொடுத்தாய் என்று வாங்குபவரைக் கேட்கும் கட்டத்தை எங்கள் கைக்கு வந்த எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. அதைக் கேட்காத வரை மற்ற கேள்விகளுக்கெல்லாம் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டே இருப்பான்.

இதோடு ஒப்பிட்டால் 2021இல் தமிழ்நாடு கொண்டுவந்த இருக்கைச் சட்டம் சின்னது. கடையில் வேலை செய்பவர் உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான். எல்லாக் கடையிலும் ஸ்டூல் வந்துவிட்டதா என்றால் இல்லை. ஆனாலும் துணிக்கடைப் பெண் 'சட்டம் இருக்குதுங்க' என்று கேட்கலாம். வழிகாட்டுதலின் ஐந்தாம் கொள்கையைக் காட்டி யாரிடம் என்ன கேட்பது?

மறுநாள் ஆடிட்டர் வந்தார், போர்டை போட்டோ எடுத்தார். அந்த அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. புகார் எண்ணிக்கை என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். குழு கடைசியாகக் கூடிய தேதி என்ற இடத்தில், ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல் பார்த்து, ஒரு தேதியும் போட்டேன்.