‘இதுவரை’ என்றால் எதுவரை?

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் தன் மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். மகள் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள், ஆனால் பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நின்றாள். நான் பேசி அவள் மனத்தை மாற்ற வேண்டும் என்பது தாயின் எண்ணம். நான் பிடிகொடுக்காமல் பேசவே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பி.ஏ. தமிழ் படிச்ச நீங்க இங்க ஜெராக்ஸ்தானே அக்கா எடுத்துக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு, அடுத்த நொடியே வருந்தி எனக்கு டீயும் வாங்கித் தந்தார். அவர் கேட்டதில் தவறேதும் இல்லை. அன்று எனக்கு விடை சொல்ல வரவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ராமேசுவரத்துக்குப் போகும் வழியில் இருக்கும் மண்டபம் என்ற ஊரில், பேருந்து நிற்கும் இடத்தை ஒட்டிய சிறிய கடை என்னுடையது. நகல் எடுப்பதும் இணையத்தில் விண்ணப்பம் போடுவதும் பெயருக்குத்தான். பெரும்பாலான நேரம் மனு எழுதுவதில் போகிறது. திங்கட்கிழமைதோறும் ராமநாதபுரத்தில் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடப்பதால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் கடைவாசலில் கூட்டம் நிற்கும். கடற்பாசி எடுக்கும் பெண்கள், நாட்டுப்படகுக்காரர்கள், உதவித்தொகை நின்றுபோன முதியவர்கள் என்று வருவார்கள். தன் குறையை முதலிலிருந்து முடிவுவரை வரிசையாகச் சொல்பவர் ஒருவரைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. முன்பெல்லாம் மன்னார் வளைகுடாத் தீவுகளிலேயே தங்கிப் பாசி எடுத்த கதையில் ஒருவர் தொடங்குவார். 1986-இல் அந்தத் தீவுகள் தேசியப் பூங்காவான பிறகு பட்ட பாட்டுக்கு வருவார். நடுவில் மகளின் திருமணக் கடன் நுழையும். அரை மணி நேரம் கழித்து, அடையாள அட்டை தொலைந்துபோனதுதான் வந்த காரியம் என்று தெரியவரும். அந்த அரை மணி நேரத்தைப் பொறுமையாகக் கேட்கத் தெரியாவிட்டால் என் தொழில் நடக்காது.

கேட்கத் தெரியாமல் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். கடை தொடங்கிய புதிதில், கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு பெண் உதவி கேட்டு மனு எழுத வந்தார். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவர் பேசி முடிக்கும் முன்பே என் விரல்கள் தட்டச்சுச் செய்து முடித்துவிட்டன: “என் கணவர் கடலில் இறந்துவிட்டார்.” அவருக்குப் படிக்கத் தெரியாது, நானும் படித்துக் காட்டவில்லை. இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டு மனு திரும்பி வந்தது. அப்போதுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். படித்தேன். “செத்தாருன்னு நான் எப்பம்மா சொன்னேன்? வரலன்னுதானே சொன்னேன்” என்றார்.

பிறகு ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தபோது கூச்சமாக இருந்தது. உடல் கிடைக்காதவர் விஷயத்தில் சட்டமும் அந்தப் பெண்ணைப் போலத்தான் பேசுகிறது. ஒருவர் உயிரோடிருந்தால் அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிறுவ வேண்டும் என்கிறது சட்டம். கேள்விப்படுவதையும் கேள்விப்படாததையும் வைத்துத்தான் அங்கே எல்லாம் நிற்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத அந்தப் பெண் துல்லியமாகச் சொன்னதை, பட்டம் பெற்ற நான் பிழையாக மாற்றி எழுதியிருந்தேன்.

என் வெட்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இப்படிச் செய்யக்கூடாது என்பதைத்தான் கல்லூரியில் மூன்றாண்டுகள் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எங்கள் தமிழாசிரியை ஒரு செய்யுளின் ஒரே சொல்லில் ஒரு வகுப்பு முழுவதும் நின்றுவிடுவார். ஏன் இந்தச் சொல், இதன் இடத்தில் வேறொன்றை வைத்தால் எது கெடும், பழைய உரையாசிரியர் இருவர் ஏன் இங்கே ஒருவரோடொருவர் பிணங்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தேர்வுக்கு உதவாத வேலை என்று நாங்கள் முணுமுணுத்தோம். இலக்கியமும் வரலாறும் மெய்யியலும் மனிதருக்குத் தரும் பயன் என்னவென்று யாராவது கேட்டால், நான் பெரிய பேச்செல்லாம் பேச மாட்டேன். அந்த மனுவைத்தான் காட்டுவேன். பிறர் சொன்னதை, நாம் கேட்க விரும்பியதாக மாற்றிக்கொள்ளாமல் கேட்பதற்கு நெடுநாள் பழக்கம் வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை இந்தப் பாடங்கள்தான் தருகின்றன.

தனி மனிதருக்கு மட்டும் உரிய பழக்கம் என்றும் இதைச் சொல்ல முடியாது. எங்கள் கரையில் மீனவர் கைதான செய்தி வரும் நாட்களில், டீக்கடையில் கச்சத்தீவைப் பற்றிப் பேசாத வாய் இருக்காது. ஒருமுறை சத்தம் என் கடைவரை வந்துவிட்டதால், அந்தத் தீவு பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974 ஒப்பந்தத்தையும் 1976-இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதத்தையும் இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்து, பெஞ்சில் உட்கார்ந்து தமிழில் வாசித்துச் சொன்னேன். 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது. இரு நாட்டுப் படகுகளும் அடுத்தவர் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது ஆறாம் பிரிவு. 1976 கடிதமோ, வெளிப்படையான அனுமதியின்றி ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது.

வாசித்து முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை. கரைவலை இழுத்துக் காய்த்துப்போன கைகளை உடைய ஒரு பெரியவர்தான் கேட்டார்: “இதுவரைன்னா எதுவரைம்மா?” மீன்பிடித்ததும் அந்த ‘இதுவரை’க்குள் அடங்குமா, அல்லது அந்தத் தீவில் வலை உலர்த்துவதோடும் அங்குள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவோடும் அது நின்றுவிடுமா என்பதுதான் அவருடைய கேள்வி. அரை நூற்றாண்டாக நடக்கும் வழக்கின் நடுமுடிச்சை, எந்தக் கல்லூரிக்கும் போகாத அவர் விரலால் தொட்டுக் காட்டினார். உரை வாசித்துப் பழகியவர்கள் பக்கத்தில் இருந்தால் இப்படிப்பட்ட கேள்விகள் எழுவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது. அவர்கள் இல்லாத இடத்தில், தேர்தல் மேடைகளில் யார் எதைச் சொன்னாலும் அதுவே ஒப்பந்தம் ஆகிவிடுகிறது.

அன்று நான் இன்னொன்றும் சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். எதிர்க்கரையான இலங்கையில் இருப்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்களே. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து, போர் முடிந்த பிறகு வலை வாங்கிப் போட்டால் நம் விசைப்படகுகள் கடலடியோடு இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி அதைக் கிழித்துக்கொண்டு போகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் நாட்டில் 2017-இல் இழுவைமடிக்குச் சட்டத்தால் தடை வந்தது. இதையெல்லாம் சொல்வதால் நம் மீனவர் சிறையில் வாடுவது நியாயமாகிவிடாது. என்றாலும் எதிர்த்தரப்பு மனிதரின் வாயால் ஒருமுறை அந்தக் கதையைக் கேட்டுப் பார்க்காமல் நம் கதையை நாம் முழுமையாகச் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக் கேட்டுப் பார்ப்பது எங்கள் கரைக்குப் புதிதும் அல்ல. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று பேச்சுவாக்கில் எல்லோரும் சொல்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த அந்த வணிகரின் ஆதரவில்தான் உமறுப்புலவர் நபிகளின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடத் தொடங்கினார். நூல் முடியும் முன் சீதக்காதி மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புரவலரானார். அரபு நாட்டை வருணிக்கும் அதன் நாட்டுப்படலத்தில் மலையில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. அரபு நாட்டில் நெல் வயல் ஏது என்று வகுப்பில் நாங்கள் சிரித்தோம். ஆசிரியை கோபிக்கவில்லை. அந்த மண்ணைக் கண்ணால் பார்த்திராத தமிழருக்கு அதை நேசத்துக்குரிய நாடாகக் காட்ட ஒரு புலவரிடம் வேறென்ன இருந்தது என்று மட்டும் கேட்டார். இன்றும் யாருடைய குறையையாவது, அவர்களை ஒருநாளும் பார்த்திராத அதிகாரிக்குப் புரியும்படி எழுத முயலும்போது அந்த நெல் வயல் என் நினைவுக்கு வருகிறது. ராமநாதபுரத்தில் பேருந்து மாறிக் கீழக்கரைக்குப் போகும்போதெல்லாம், வேற்று மதத்தவர் ஊருக்குப் போகிறேன் என்ற எண்ணம் எனக்கு எழாததற்கு அந்த ஒரு படலமும் காரணம்.

பிழைப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது ஏமாற்று வேலை. என் வருமானம் குறைவு. அந்தத் தாய் கேட்டது உண்மை. கலைப்பாடங்களை டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு உதவும் என்று சொல்லி விற்பதையும் நான் ஏற்கவில்லை. ஆண்டுகளையும் பெயர்களையும் கைடு வைத்து உருப்போட வைத்தே அந்தப் பாடங்களைப் பாதி கொன்றுவிட்டார்கள். கல்லூரியில் வாசிக்கச் சொல்லித்தராமல் நோட்ஸ் மட்டும் கொடுத்தால், அந்தப் பட்டத்துக்காக மூன்றாண்டுகளைச் செலவிடுவது வீண்தான். பொறியாளரும் செவிலியரும் எங்கள் ஊருக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் ராமேசுவரத்தில் பிறந்த கலாமைக் காட்டி ‘அறிவியல் படி’ என்று பிள்ளைகளின் வாயை அடைக்கிறார்களே, அவர் வீணை வாசித்ததையும் கவிதை எழுதியதையும் மேடைகளில் குறள் சொன்னதையும் மட்டும் ஏன் மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்குவதில்லை.

அந்தப் பெண் பிள்ளை வரலாற்றிலேயே சேர்ந்துவிட்டாள். தாய் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவரே மகளை அனுப்பினார். போன வாரம் முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட ஒரு பாட்டி வந்தார். வயதைக் காட்ட ஒழுங்கான தாள் எதுவும் இல்லை. அட்டையில் இருக்கும் ஆண்டு பார்த்தாலே தெரியும் பிழை. தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது தான் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். 1964 டிசம்பர் என்று நான் எழுதப் போனேன். அவள் என் கையைத் தடுத்துவிட்டு, “பாட்டி, அப்ப உங்களுக்குப் பல்லு முளைச்சிருந்துச்சான்னு அம்மா ஏதாவது சொல்லியிருக்காங்களா?” என்று கேட்டாள்.

பாட்டி வெகுநேரம் யோசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “கடிப்பேனாம்” என்றார். ‘1964 நடுவுக்கு முன்’ என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அவருக்கு மூத்த அண்ணனோ அக்காளோ யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.