பத்தரை டிகிரி தள்ளினா சிக்னல் வராதுங்க
“83 டிகிரி கிழக்குல இருக்கிற சாட்டிலைட்டைப் பார்க்கிற டிஷ்ஷை 93.5-க்கு (ஜிசாட்-15 சாட்டிலைட்) மாத்த, கிழக்கே பத்தரை டிகிரி தள்ளினா போதும், உயரத்தை (டிஷ் அண்ணாந்து பார்க்கிற கோணத்தை) தொடவே வேணாம்”னு மேல ஒருத்தர் போட்டிருக்கார். தப்புங்க. அந்த 83, 93.5 எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேல சாட்டிலைட் நிக்கிற தீர்க்கரேகை. நம்ம மொட்டை மாடியில டிஷ் திரும்புற கோணம் இல்ல.

வேலூர்ல ரெண்டுமே தலைக்கு மேல வெகு உசரத்துல நிக்குது. அதனால டிஷ்ஷோட திசை (வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமா எண்ணுற கோணம்) 163-லிருந்து 131-க்கு வரணும், அதாவது 32 டிகிரி! உயரமும் 74-லிருந்து 67-க்கு இறங்கும். பிராக்கெட்ல இருக்கிற அளவுகோலைப் பாருங்க, டிஷ் சாய்வைக் கண்ணால நம்பாதீங்க. ஆஃப்செட் டிஷ் (சிக்னல் வாங்குற தலை நடுவுல இல்லாம கீழே தள்ளி இருக்கிற டிஷ்) பார்க்கிற இடமே வேற.

எல்என்பியை (அந்த சிக்னல் வாங்குற தலையை) மறந்துடுவாங்க. டிஷ்ஷுக்குப் பின்னாடி நின்னு சாட்டிலைட்டைப் பார்த்தபடி, அதை இடஞ்சுழியா சுமார் 30 டிகிரி சுத்தணும். கிளாம்ப் ஸ்க்ரூவை முழுசா கழட்டாதீங்க.