பில்லே இல்லையே, எதுக்கு வக்கீல்?

பக்கத்துத் தெரு டைலர் அக்காவைப் போன வாரம் ஒரு கார் இடித்துவிட்டது. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போனபோது வக்கீல் பேச்சை எடுத்தேன். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதானே தம்பி, ஒரு பைசா செலவில்ல. பில்லே இல்லாம வக்கீலைப் பார்த்து என்ன பண்ண?" என்றார்.

அவர் மட்டுமல்ல, நன்றாகப் படித்தவர்கள்கூட இதையே சொல்கிறார்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கிடையாது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிற திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் விபத்து இழப்பீடு என்பது ஆஸ்பத்திரி பில்லைத் திருப்பிக் கொடுப்பது இல்லை. அந்த உடம்பை வைத்து இத்தனை நாள் சம்பாதித்தீர்களே, இனிமேல் அதில் எவ்வளவு குறையும் என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்வதுதான் வக்கீலின் வேலை. எங்கள் வீட்டில் ஒரு விபத்து நடக்கும்வரை எனக்கும் இது தெரியாது.

என் பெரியப்பா மகன் கொத்தனார். 2022 கடைசியில் வேலை முடிந்து மொபெட்டில் வரும்போது பின்னால் வந்த கார் இடித்தது. அப்போது அவருக்கு வயது 38. முழங்காலுக்குக் கீழே பிளேட். மூன்றாம் நாளே கார்க்காரர் பக்கத்து ஆட்கள் வந்து, முப்பதாயிரம் தருகிறோம், ஸ்டேஷனிலேயே எழுதிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணி சரி என்று சொல்லப் போய்விட்டார். வீட்டில் அரிசி இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது. நண்பர் ஒருவர் சொல்லித்தான் ஒரு பெண் வக்கீலிடம் போனோம்.

அவர் முதலில் கேட்டது ஏ.ஆர். காப்பி. விபத்தில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எழுதுகிற பதிவு அது. அதில் "டூ வீலரில் இருந்து தவறி விழுந்ததாக" என்று இருந்தது. அண்ணன் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். தூக்கிக்கொண்டு போனவர் விபத்தைப் பார்க்கவில்லை, தனக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டார். கார் என்ற வார்த்தையே அந்தத் தாளில் இல்லை. "இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் இந்த ஒரு வரியை வச்சே கேஸை உடைச்சிருவார் அண்ணே" என்றார் வக்கீல். அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். காப்பியை வாங்கினார். ரோட்டோர டீக்கடைக்காரர் இடித்ததைக் கண்ணால் பார்த்தவர், அவரைப் போலீஸ் விசாரணையில் சாட்சியாகச் சேர்க்க வைத்தார். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் காரின் இடது முன்பக்கம் நசுங்கியதும், மொபெட்டின் பின்பக்கம் அடிபட்டதும் பதிவாகியிருந்தது. இரண்டு வருஷம் கழித்து குறுக்கு விசாரணையில் அந்த "தவறி விழுந்ததாக" வந்தே வந்தது. அதைத் தாங்கி நின்றது இந்த மூன்றும்தான். நாங்கள் ஆறு மாசம் கழித்து வக்கீலிடம் போயிருந்தால் டீக்கடைக்காரரை எங்கே தேடியிருப்போம்?

அடுத்து அவர் செய்தது எனக்கு ஆச்சரியம். அண்ணன் வேலை செய்த கட்டடத்துக்கே வந்தார். டைல்ஸ் பதிக்கிறவர் எப்படிக் குந்தி உட்காருகிறார், சாரத்தில் எப்படி ஏறுகிறார் என்று நின்று பார்த்தார். அண்ணனை உட்காரச் சொன்னார். முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மேஸ்திரியின் சம்பள நோட்டைக் கேட்டு வாங்கினார். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய் என்று பென்சிலில் எழுதிய, சிமெண்ட் படிந்த நோட்டு. அதுதான் பிறகு கோர்ட்டில் ஆவணமானது.

ஏன் இவ்வளவு பாடு என்றால், கணக்கு அப்படி. டாக்டர் காலுக்கு 45 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தார். விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கிற நம்மூர் தீர்ப்பாயங்களில் ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. ஐயாயிரம் என்று வைத்தால் 2,25,000 ரூபாய். தொழிலே பாதிக்கப்பட்டது என்று நிரூபித்தால் கணக்கு வேறு. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஒரே மாதிரி கை போனாலும் டிரைவருக்கும் தச்சருக்கும் அது கிட்டத்தட்ட முழுப் பிழைப்பே போனது மாதிரி, அரசு அலுவலக கிளார்க்குக்கு அப்படி இல்லை. உடம்பின் சதவீதம் வேறு, பிழைப்பின் சதவீதம் வேறு.

இன்சூரன்ஸ் தரப்பு, முழு உடம்புக்குக் கணக்குப் போட்டால் 15 சதவீதம்தான் என்று வாதாடியது. எங்கள் வக்கீல் டாக்டரைக் கூண்டில் வைத்து மூன்றே கேள்வி கேட்டார். குந்த முடியுமா, சாரம் ஏற முடியுமா, சாந்துச் சட்டி தூக்கி நடக்க முடியுமா? மூன்றுக்கும் முடியாது என்று பதில். தீர்ப்பாயம் சம்பாத்திய இழப்பை 30 சதவீதம் என்று எடுத்தது. மாத வருமானம் 15,000, நாற்பது வயதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 21,000, அவர் வயதுக்குப் பெருக்கு எண், அதாவது எத்தனை வருஷ வருமானத்தைக் கணக்கில் எடுப்பது என்பது, 15. 21,000-ஐ 12 மாசத்தாலும் 15-ஆலும் பெருக்கி அதில் 30 சதவீதம் போட்டுப் பாருங்கள், 11,34,000 ரூபாய் வருகிறது. வலி வேதனை, உதவியாள் செலவு, மனு போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் தனி. அதே கால், அதே சான்றிதழ்தான்.

புரோக்கர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், நினைத்தாலே கொதிக்கிறது. அண்ணன் வார்டில் கிடந்தபோதே ஒருவன் வந்து, "வர்றதுல முப்பது பர்சென்ட் எங்களுக்கு" என்று வெற்றுத் தாளிலும் செக்கிலும் கையெழுத்துக் கேட்டான். வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே வக்கீல்களுக்குக் கூடாது. விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் இழப்பீட்டுத் தொகையை வைத்து சதவீதக் கணக்கில் ஃபீஸ் கேட்ட வழக்கில், 2017-ல் உச்ச நீதிமன்றமே அதைத் தவறு என்று சொன்னது. எங்கள் வக்கீல் மொத்த ஃபீஸ் எவ்வளவு என்று முதல் நாளே எழுதிக் கொடுத்தார், தவணையில் வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று. யார் தப்பு என்று நிரூபிக்கத் தேவையே இல்லாமல், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் வாங்கவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-வது பிரிவில் வழி இருக்கிறது. அவசரத்துக்கு அது பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு அதோடு முடிந்துவிடும். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் செய்கிற சமரசமும் அப்படித்தான், கையெழுத்துப் போட்ட பிறகு அப்பீல் கிடையாது. கேஸ் பலவீனமாக இருந்தால் இந்த வழிகள் வரம். எது தனக்குப் பொருந்தும் என்று கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த ஆறு மாசத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது, அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

டைலர் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்கு போன் செய்தாலே போதும், அல்லது கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, நான் மிஷின் மிதிக்கிறது இந்த வலது கால்லதான். டாக்டர் யாரும் அதைக் கேக்கவே இல்ல" என்றார்.

திங்கட்கிழமை அவர் மகளோடு நானும் போகிறேன். எந்தெந்த வீட்டுக்கு எத்தனை பிளவுஸ் தைத்தார் என்று எழுதி வைத்திருக்கிற நோட்டையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.