அழுக்கு யாருடையது?

போன மாதம் ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். மெல்பர்னில் காட்ட வேண்டியதை எல்லாம் காட்டி முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயின்ட் நெப்பியனுக்குக் கூட்டிப் போனேன். போர்ட் பிலிப் விரிகுடாவின் வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை. நோயோடு வந்த கப்பல்களை நிறுத்தி, ஆட்களை இறக்கி, ஊருக்குள் விடாமல் வைத்திருந்த இடம். "வெள்ளைக்காரன் எல்லாம் ராஜா மாதிரி வந்து இறங்கியிருப்பான். நம்ம ஆளுங்களைத்தான் ஆடு மாடு மாதிரி அடைச்சு அனுப்பினான்" என்றார். பின்பாதி உண்மைதான். முன்பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

1852 ஆகஸ்டில் டிகான்டரோகா என்ற கப்பல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பிர்கன்ஹெட்டிலிருந்து சுமார் 800 பேரோடு கிளம்பியது. பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் ஹைலாண்டு மலைப்பகுதி ஏழைக் குடும்பங்கள். மூன்று மாதம் கழித்து, நவம்பர் தொடக்கத்தில், கப்பலில் நோய் என்று காட்டும் மஞ்சள் கொடியோடு இந்த முனைக்கு வந்து சேர்ந்தபோது, வழியிலேயே செத்த 100 பேரைக் கடலில் போட்டிருந்தார்கள். டைஃபஸ் காய்ச்சல். (டைஃபாய்டு இல்லை, அது வேறு.) கரையில் அப்போது சுண்ணாம்புக் காளவாய்க்காரர்களின் குடிசைகளைத் தவிர ஒன்றும் கிடையாது. கப்பல் பாயையும் மரத்தையும் கொண்டு கூடாரம் போட்டார்கள். அங்கே இன்னும் ஏறத்தாழ 70 பேர் செத்தார்கள். நோயாளிகளைத் தனியாக வைக்கும் இந்த நிலையமே அந்த அவசரத்தில் பிறந்ததுதான்.

சரி, ஏன் இத்தனை சாவு? அந்த ஆண்டில் வந்த ஹைலாண்டர் கப்பல்களைப் பற்றிய அதிகாரிகளின் எழுத்தில் ஒரு பல்லவி திரும்பத் திரும்ப வரும்: இந்த மக்களுக்குச் சுத்தம் தெரியாது. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. ஆட்டுப் பண்ணையில் வேலை செய்தவன் எல்லாம் மண்வெட்டியோடு சுரங்கத்துக்கு ஓடிவிட்டான். கம்பளி வெட்ட ஆளில்லை. காலனி தன் பணத்தில் லண்டனிடம் ஆள் கேட்டது. ஆனால் கப்பல் கிடைக்கவில்லை. ஆகவே குடியேற்ற ஆணையம் பெரிய பெரிய கப்பல்களை வாடகைக்கு எடுத்தது. டிகான்டரோகா அப்படி ஒரு இரண்டடுக்குக் கப்பல். பயணிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு தளங்களில் அடைக்கலாம். சிறு பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பங்களை ஏற்றக் கூடாது என்று முன்பு இருந்த கட்டுப்பாட்டையும் தளர்த்தினார்கள்.

அந்தக் கீழ்த்தளத்தை நினைத்துப் பார்க்கிறேன். படுக்க ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம். காற்று வருவது மேலே உள்ள திறப்பு வழியாக. அலை அடித்தால் அதையும் மூடிவிடுவார்கள். கழுவுவதற்குக் கடல்நீர். உப்பு நீரில் அலசிய கம்பளித்துணி சரியாகக் காயவே காயாது. இதில் இன்னொன்றும் சேர்ந்தது. அந்தக் காலத்துக் கப்பல்கள் நேர்க்கோட்டில் கிழக்கே போகாமல் தெற்கே வெகுதூரம் இறங்கிப் போகும். பூமி உருண்டை என்பதால் அதுதான் குறுக்குவழி, காற்றும் பலம். நாள் மிச்சம். ஆனால் அங்கே பனிக்குளிர். குளிரில் மனிதன் என்ன செய்வான்? இருக்கிற துணியை எல்லாம் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவனோடு ஒட்டிக்கொள்வான். டைஃபஸைப் பரப்புவது உடுத்திய துணியில் வாழும் பேன். இது 1909இல்தான் சார்ல் நிக்கோல் என்பவரால் தெரிய வந்தது. அதுவரை கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பி, தளத்தைத் தேய்த்தார்கள், சுண்ணாம்பு தெளித்தார்கள். பேன் மட்டும் சட்டை மடிப்பில் நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆணையம் இரண்டடுக்குக் கப்பல்களை அமர்த்துவதைக் கைவிட்டது. சாவும் வெகுவாகக் குறைந்தது. அடுத்து வந்த ஹைலாண்டர்கள் மட்டும் திடீரென்று சோப்பு போட்டுக் குளிக்கக் கற்றுக்கொண்டார்களா என்ன?

இதே பல்லவியை நம் பக்கமும் பாடினார்கள். 1856-57இல் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கூலிக் கப்பல்களில் நூற்றுக்கு 17 பேர் இறந்தார்கள். உடனே கூலிகளின் உடல்வாகு, பழக்கவழக்கம் என்று பேச்சு. அதே காலத்தில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன கப்பல்களில் சாவு மிகக் குறைவு. தமிழர்கள் உடம்பு இரும்பு என்று மார்தட்ட வேண்டாம். ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரையும் கப்பல் ஏறும்வரை ஆட்களை வைத்திருந்த கல்கத்தா டிப்போவின் காலராவையும் நாம் சுமந்து போகவில்லை, அவ்வளவுதான்.

கூலிக் கப்பலிலும் சரி, ஆஸ்திரேலியக் கப்பலிலும் சரி, டாக்டருக்கு உயிரோடு இறக்கிய தலைக்கு இவ்வளவு என்று காசு. கேட்க அருவருப்பாக இருக்கிறது. ஆனால் நான் இதை ஆதரிக்கிறேன். 1790இல் சிட்னிக்குக் கைதிகளை ஏற்றிவந்த இரண்டாவது கப்பற்படையில் ஏற்றிய தலைக்குக் காசு கொடுத்தார்கள், இறக்கிய தலைக்கு இல்லை. கால்வாசிப் பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். கருணையை நம்பியதைவிட தலைக்கு இவ்வளவு என்ற அந்தக் கேவலமான காசு முறை அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

காப்பாற்றாமல் விட்டது குழந்தைகளை. அதே 1852இல் மார்கோ போலோ என்ற கப்பல் 76 நாளில் மெல்பர்ன் வந்து, உலகிலேயே வேகமான கப்பல் என்று பெயர் வாங்கியது. வழியில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் தட்டம்மை கண்ட சிறு பிள்ளைகள். அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

திரும்பி வரும்போது காரில் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். ஒரு கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம் என்ற சட்டக் கணக்கில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஒரு ஆள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை கணக்கிலேயே வராது. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அதுக்குப் படுக்க இடம்?"

"அம்மாவோட ஒன்றரை அடியிலதான், சித்தப்பா."