ஜெர்மன் படிக்க ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்

கோவையின் காந்திபுரம், பீளமேடு மட்டும் அல்ல, ஈரோட்டிலும் நாமக்கல்லிலும்கூட இப்போது ‘மூன்றே மாதத்தில் ஜெர்மன் பி2’ என்ற பலகை கண்ணில் படுகிறது. (ஏ1, ஏ2, பி1, பி2 என்று மேலே போகும் மொழித்திறன் நிலைகள் இவை. ஏ1 தொடக்கம்.) நர்சிங் முடித்தவர்கள், பாலிடெக்னிக் முடித்த பையன்கள், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையோடு நிச்சயமாகி ஏ1 சான்றிதழுக்கு அலையும் பெண்கள் என்று எல்லாரும் அந்தப் பலகையை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். கோவையில் மாலை வகுப்பில் தொடக்க நிலைக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அந்தக் கணக்கு. பி1 நிலையை எட்ட 350 முதல் 650 பாடவேளை வரை ஆகும் என்பது ஜெர்மன் வகுப்பும் தேர்வும் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட் சொல்லும் அளவு. ஒரு பாடவேளை 45 நிமிடம். வாரம் ஆறு நாள், தினமும் இரண்டு மணி நேரம் என்று மூன்று மாதம் விடாமல் உட்கார்ந்தாலும் சுமார் 200 பாடவேளைதான் தேறும். அதில் பி1 வருவதே பெரும்பாடு. பி2 எங்கிருந்து வரும்? எல்லா நிலைக்கும் சேர்த்து மொத்தமாக முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு நிலையை முடித்து, தேர்வு எழுதி, பிறகு அடுத்ததற்குக் கட்டுங்கள்.

இனி என் உண்மையான ஆதங்கம். நம் பிள்ளைகள் ஜெர்மனை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறார்கள். பாடப் புத்தகத்தின் ஓரத்தில் ஆங்கிலப் பொருள், மனத்தில் ஆங்கில வாக்கியம், அதிலிருந்து ஜெர்மன். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவருக்கு இது இரட்டைச் சுமை. தேவையே இல்லாத சுமையும்கூட, ஏனென்றால் பல இடங்களில் ஜெர்மன் இலக்கணம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது.

குளிரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் ‘இஷ் பின் கல்ட்’ என்பார்கள். ‘இஷ்’ என்றால் ‘நான்’. ஆங்கிலத்தில் ‘நான்’ என்று தொடங்குவதால் வந்த வினை. ஜெர்மன்காரர் சொல்வது ‘மிர் இஸ்ட் கல்ட்’. மிர் என்றால் ‘எனக்கு’. நாமும் ‘எனக்குக் குளிர்கிறது’ என்றுதானே சொல்கிறோம்? வீடு பிடித்திருக்கிறது என்பதற்கும் அதே ‘மிர்’. ‘உனக்கு உதவுகிறேன்’ என்பதில் நமக்கு நான்காம் வேற்றுமை வருகிறது, அவர்களுக்கும் ‘டிர்’ (உனக்கு) என்று அதே வேற்றுமைதான் வருகிறது. பள்ளியில் எட்டு வேற்றுமையை மனப்பாடம் செய்த நாம் அவர்களுடைய நான்கைக் கண்டு மிரளுவது வேடிக்கை. எல்லாம் இப்படிப் பொருந்தாது. ‘மிட்’ (உடன்) போன்ற, பெயருக்கு முன்னால் வரும் முன்னிடைச்சொற்கள் எந்த வேற்றுமையைக் கேட்கும் என்பதைத் தனியாக உருப்போட்டே ஆக வேண்டும்.

வாக்கிய அமைப்பும் அப்படித்தான். ‘இஷ் மொஷ்டெ மொர்கன் நாஹ் பெர்லீன் ஃபாரன்.’ இதில் ‘மொஷ்டெ’ என்ற விருப்பச் சொல் மட்டும் இரண்டாம் இடத்தில் நிற்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ‘நான் நாளைக்கு பெர்லினுக்குப் போக’ என்று நம் வரிசையிலேயே இருக்கிறது. ‘வைல்’ என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் கடைசிக்கு ஓடிவிடும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் வினைக்காகக் கடைசி வரை காத்திருந்து தவிப்பார். நமக்கு அது பிறவிப் பழக்கம்.

குறிலும் நெடிலும் இன்னொரு வரம். நகரம் என்றால் ‘ஷ்டட்’, அரசு என்றால் ‘ஷ்டாட்’. படம், பாடம் என்று வேறுபடுத்திப் பழகிய வாய்க்கு இது ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு எழுதி வைக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். (முகநூலில் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நான் இங்கே எழுதுகிறேன். நோட்டில் எழுதினால் திட்டுவேன்.) ஒரு மாணவியின் நோட்டில் ‘கார்டன்’ என்று இரண்டு வரி இருந்தது. ஒன்று தோட்டம், இன்னொன்று சீட்டுகள். முதலாவதற்கு மெல்லிய ககரம், இரண்டாவதற்கு வல்லின ககரம். நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘கா’. பார்த்துப் படிக்காமல் கேட்டுப் பழகுங்கள். ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே இணையத்தில் ஏ1 முதல் பி1 வரை இலவசமாகவே பாடம் வைத்திருக்கிறது. நிறுத்தி நிதானமாக வாசிக்கும் செய்தியும் உண்டு. ‘உ’வின் மேல் இரண்டு புள்ளி வைத்த எழுத்துக்கு, உதட்டை ‘ஊ’ என்று குவித்துக்கொண்டு உள்ளே ‘ஈ’ சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

தமிழ் கைகொடுக்காத இடம் பால். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. காரணம் தேடினால் பைத்தியம் பிடிக்கும். எந்தப் பெயர்ச்சொல்லையும் பாலைக் காட்டும் டேர் (ஆண்), டீ (பெண்), டஸ் (இரண்டும் அல்லாதது) இல்லாமல் எழுதாதீர்கள். சில விகுதிகள் காட்டிக்கொடுக்கும்: ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’ என்று முடிந்தால் பெண்பால், ‘ஷன்’ என்ற சிறுமை விகுதி வந்தால் டஸ்.

மரியாதை விஷயத்தில் நமக்குப் பாதி வேலை மிச்சம். ஸீ என்றால் நீங்கள், டூ என்றால் நீ. பால் குடிக்கும் பிள்ளையைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிடும் ஊர்க்காரர்களுக்கு ஸீ தானாக வரும். டூ சொல்லத்தான் கூச்சமாக இருக்கும். அங்கே கல்லூரி மாணவர்கள் தங்களுக்குள் டூ என்றே பேசிக்கொள்வார்கள். கூச்சப்படாமல் பழகிக்கொள்ளுங்கள்.

எண்களை அலட்சியம் செய்யாதீர்கள். 37 என்பதை ‘ஏழும் முப்பதும்’ என்று புரட்டிச் சொல்லும் மொழி அது. தேர்வில் ஒலிப்பதிவில் தொலைபேசி எண் வந்தால் 37ஐ 73 என்று எழுதிவிட்டு வருபவர்கள் ஏராளம். அவிநாசி சாலை சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கும் வண்டிகளின் பலகையைப் படியுங்கள். கோவை 37, திருப்பூர் 39, ஈரோடு 33. பச்சை விழுவதற்குள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் தரும் எந்தப் பயிற்சித் தாளையும்விட இது வேலை செய்கிறது.

ஏ1 தேர்வில் தேர்ச்சிக்கு 100க்கு 60 வேண்டும். எழுத்துப் பகுதியில் ஒரு படிவம் நிரப்புவதும் 30 சொல் அளவில் ஒரு சிறு கடிதமும்தான். வாய்மொழித் தேர்வில் பெயர், ஊர், மொழி, வேலை என்று அறிமுகம் செய்துகொண்டதும் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். அங்கேதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தின் முதல் எழுத்தை நாம் ‘ஏ’ என்போம். ஜெர்மனில் ‘ஏ’ என்பது ஐந்தாவது எழுத்தின் பெயர். நாம் ‘ஈ’ என்றால் அவர்கள் ஒன்பதாவது எழுத்தை எழுதிக்கொள்வார்கள். பழனிசாமிகளும் ராமசாமிகளும் கடைசி எழுத்துக்கு ‘உப்ஸிலோன்’ என்று சொல்லப் பழக வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் இன்று இரவே எழுத்துக்கூட்டிப் பாருங்கள். இன்ஷியலை விரித்தால் எவ்வளவு நீளம் என்பது அப்போது தெரியும்.